வீட்டுப் பொருள் காப்பீடு: புதுப்பிக்கும் நேரத்தில் நிறுவனம் மாறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ, கட்டில், துணிமணி, பாத்திரம், நகை என்று வீட்டுக்குள் இருப்பவற்றுக்கு எடுத்த காப்பீடு முடியும் தேதி நெருங்குகிறது. வேறு நிறுவனத்தில் பிரீமியம் குறைவு என்று தெரிகிறது. மாறலாமா, எப்படி மாறுவது, எங்கே ஏமாறுவோம் என்பவைதான் இங்கே வரும் கேள்விகள். பதில்கள் இந்திய விதிகளின்படி, தமிழ்நாடு, புதுச்சேரி வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

பல வருடமாக ஒரே நிறுவனத்தில் இருக்கிறோம். மாறினால் ஏதாவது போய்விடுமா?

பெரிதாக ஒன்றும் போகாது. மருத்துவக் காப்பீட்டில் காத்திருப்புக் காலம், போனஸ் என்று வருடத்தோடு சேர்ந்து வரும் உரிமைகள் உண்டு. அவற்றைக் காப்பாற்றத்தான் அங்கே போர்ட்டபிலிட்டி, அதாவது உரிமைகளோடு நிறுவனம் மாறும் வசதி, இருக்கிறது. வீட்டுப் பொருள் காப்பீட்டில் அந்த ஏற்பாடும் இல்லை, அதற்கான தேவையும் இல்லை. ஒவ்வொரு புதுப்பித்தலும் ஒரு புது ஒப்பந்தம். பழைய நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். பணம் கட்டாமல் விட்டாலே அது முடிந்துவிடும். பழைய பாலிசியில் கிளெய்ம் இல்லாத வருடத்துக்குக் கழிவு கொடுத்திருந்தால் அதைக் காட்டிப் புது இடத்தில் கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் லாபம், கொடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

எங்கே வாங்கினாலும் ஒரே பாலிசிதான் என்கிறார்களே, அப்புறம் எதை ஒப்பிடுவது?

அடித்தளம் ஒன்றுதான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுப் பாலிசியை 2021 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்தது. வீடுகளுக்குத் தீ காப்பீடு விற்கும் எல்லா நிறுவனங்களும் இதை விற்றாக வேண்டும். தீ, வெடிப்பு, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், சுனாமி, நிலச்சரிவு, மரமோ வாகனமோ மோதுவது, கலவரம், பயங்கரவாதம், தண்ணீர்த் தொட்டியும் குழாயும் உடைவது அல்லது வழிவது ஆகியவை இதில் அடக்கம். பொது வாசகம் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒன்றே.

கட்டடத்துக்கும் பொருளுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டடத்தின் காப்புத்தொகையில் (பாலிசியில் எழுதும் அதிகபட்ச இழப்பீட்டுத் தொகை) 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பட்டியல் எதுவும் தராமலே பொதுவான வீட்டுப் பொருட்களுக்குக் காப்பு வந்துவிடும். இங்கே கட்டடத்தின் காப்புத்தொகை என்பது கட்டுமானச் செலவு மட்டும். மனையின் விலை அதில் சேராது. 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் கட்டடம் 25 லட்சம், பொருட்கள் 5 லட்சம். அதற்கு மேல் வேண்டுமானால் விவரம் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். பொருளுக்கு மட்டும் தனியாகவும் எடுக்கலாம்.

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவது இதற்கு மேலே அடுக்கும் பிரிவுகள்தான்: பூட்டு உடைத்துத் திருடுவது, நகைக்கான முழு அபாயக் காப்பு, மின்சாதனப் பழுது, வீட்டில் யாராவது அடிபட்டால் வரும் பொறுப்பு. ஒருவரிடம் பிரீமியம் பாதிதான் என்றால் பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்று இல்லை என்று பொருள். அதனால் இரண்டு விலைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால், இரண்டு பாலிசிகளின் பிரிவுகளைப் பக்கத்தில் வையுங்கள். கொட்டேஷன் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இதில் திருட்டு இருக்கிறதா?”

திருட்டு இல்லாத வீட்டுக் காப்பீடு என்று ஒன்று உண்டா?

உண்டு. பாரத் கிருஹ ரக்ஷாவே அப்படித்தான். அதில் வரும் திருட்டு ஒரே வகை: தீ, வெள்ளம் போன்ற காப்பில் உள்ள நிகழ்வு ஒன்று நடந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டு. வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேறிய மூன்றாம் நாள் ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போனால் கிடைக்கும். சாதாரண ஒரு நாளில், ஊருக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்து எடுத்துப் போனால் கிடைக்காது. அதற்குத் தனியாக பர்க்ளரி பிரிவு வேண்டும். பழைய ‘ஹவுஸ்ஹோல்டர் பேக்கேஜ்’ பாலிசியிலிருந்து மாறுகிறவர்கள் அதிகம் இழப்பது இந்தப் பிரிவைத்தான். அங்கே அது ஒரு பிரிவாக உள்ளேயே இருந்திருக்கும். புதிய மலிவான பாலிசியில் அது இருக்காது, யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

பர்க்ளரி பிரிவு இருந்தாலும் அதன் உள்விதிகளில் ஐந்தைப் பாருங்கள்.

உள்ளே நுழைந்ததற்கோ வெளியேறியதற்கோ பலப்பிரயோக அடையாளம் இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. உடைந்த பூட்டு, வளைந்த கம்பி, பெயர்ந்த தாழ்ப்பாள். கதவு திறந்திருந்தபோது ஒருவர் வந்து லேப்டாப்பை எடுத்துப் போனால் பல பாலிசிகளில் பணம் இல்லை. வீட்டில் வேலை செய்பவர் எடுத்தாலும் அப்படித்தான். ‘லார்செனி’ அல்லது எளிய திருட்டு என்று தனிச் சேர்க்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

வீடு தொடர்ந்து எத்தனை நாள் ஆளில்லாமல் இருக்கலாம் என்ற வரம்பு. பல இடங்களில் 30 நாள். அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளிடம் மூன்று மாதம் போய் இருக்கும் பெற்றோருக்கு இது நேரடியாகப் பொருந்தும். போவதற்கு முன் எழுத்தில் தெரிவித்து எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் மாற்றத்தைப் பதிவு செய்து நிறுவனம் தரும் இணைப்பு) வாங்கினால்தான் காப்பு நிற்கும்.

முழு மதிப்பா, முதல் இழப்பா. திருடன் வீடு முழுவதையும் தூக்கிப் போக முடியாது என்பதால், மொத்த மதிப்பில் 25 அல்லது 40 சதவீதத்துக்கு மட்டும் காப்பு எடுப்பது ‘முதல் இழப்பு’ முறை. பிரீமியம் குறையும். மொத்த மதிப்பைச் சரியாகச் சொல்லியிருந்தால் இது நல்ல ஏற்பாடு.

குறைகாப்பு விதி. பாரத் கிருஹ ரக்ஷாவில் குறைவாகக் காப்பீடு செய்ததற்காக இழப்பீட்டைக் குறைக்க மாட்டார்கள். அந்த விதி முழுவதும் தளர்த்தப்பட்டிருக்கிறது. மேலே சேர்த்த பர்க்ளரி பிரிவுக்கு அந்தத் தளர்வு தானாக வராது. 8 லட்சம் மதிப்புள்ள பொருளை 4 லட்சம் என்று சொல்லி எடுத்து, 1 லட்சத்துக்குத் திருட்டு போனால் கையில் வருவது 50,000 ரூபாயாக இருக்கலாம்.

கடைசியாகப் பணம். ரொக்கம் பொதுவாக எந்தப் பிரிவிலும் கிடையாது, தனியாக எழுதியிருந்தால் ஒழிய.

திருட்டு நடந்தால் காவல் நிலைய ஆவணம் எது வேண்டும்?

சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெறப்பட்டதற்கான சீட்டு) மட்டும் போதாது, எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) வேண்டும். புகாரில் பூட்டு உடைக்கப்பட்டது, ஜன்னல் பெயர்க்கப்பட்டது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவு (வீட்டில் திருட்டு) மட்டும் போட்டு, 331-ஆம் பிரிவு (வீட்டை உடைத்து நுழைதல்) விடுபட்டிருந்தால், பலப்பிரயோகம் நடக்கவில்லை என்று நிறுவனம் வாதிட இடம் கிடைக்கும். பொருள் மீட்கப்படவில்லை என்றால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறையின் இறுதி அறிக்கையையும் கேட்பார்கள். அது வர மாதங்கள் ஆகும்.

நகைக்கு என்ன செய்வது?

மாறும் நேரத்தில் மிக அதிகம் தவறுவது இங்கேதான். பொதுவான வீட்டுப் பொருள் என்ற 20 சதவீதத்துக்குள் நகை வராது. நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம், பழம்பொருள் ஆகியவை ‘மதிப்புமிக்க பொருட்கள்’ என்ற விருப்பப் பிரிவு. அதற்கு ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற முறை: பாலிசி எடுக்கும்போது இரு தரப்பும் ஏற்ற தொகைதான் கணக்கு. காப்புத்தொகை 5 லட்சத்துக்குள், தனிப் பொருள் எதுவும் 1 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் பாரத் கிருஹ ரக்ஷாவில் மதிப்பீட்டுச் சான்று தேவையில்லை. அதற்கு மேல் போனால் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் சான்று வேண்டும். இன்றைய தங்க விலையில் ஒரு சாதாரண ஆரமே 1 லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

போன வருடப் பட்டியலை அப்படியே புது நிறுவனத்துக்கு அனுப்பாதீர்கள். 2025 தொடக்கத்தில் சவரன் சுமார் 57,000 ரூபாயாக இருந்தது; அதே ஆண்டு அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியது. ஜனவரி விலையில் 10 சவரனுக்கு எடுத்த காப்பு, அக்டோபரில் 7 சவரனைக்கூட மீட்டுத் தராது. ஒப்புக்கொண்ட மதிப்பு முறையில் விலை ஏற்றம் உங்கள் தலையில்தான் விழும். மாறுகிற நாள்தான் அதைச் சரிசெய்யும் நாள். மதிப்பீட்டுச் சான்றில் ஒவ்வொரு நகைக்கும் எடை, காரட், கல் எடை தனியாக, புகைப்படம், அன்றைய விலை எல்லாம் இருக்க வேண்டும். செய்கூலி, சேதாரம் மதிப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அது எழுதப்படாவிட்டால் வெறும் உலோக விலைக்குக் கணக்கிட வழியுண்டு.

இன்னொரு நுணுக்கம்: இந்த விருப்பப் பிரிவும் தீ, வெள்ளம் போன்ற பட்டியலிட்ட நிகழ்வுகளுக்குத்தான். வீட்டை உடைத்து நகை போனால் பர்க்ளரி பிரிவில் நகை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போன இடத்தில் தொலைந்தால் அதற்கு ‘ஆல் ரிஸ்க்’ என்ற முழு அபாயப் பிரிவு வேண்டும். இதற்குப் பிரீமியம் அதிகம்தான். நகை பெரும்பாலும் லாக்கரில் இருக்கும் குடும்பத்துக்கு, முகூர்த்த மாதங்களில் வீட்டுக்கு எடுத்து வரும் அளவை மட்டும் கணக்கிட்டு எடுப்பது புத்திசாலித்தனம்.

லாக்கரில் இருக்கும் நகைக்கு வங்கியே பொறுப்பு இல்லையா?

ஓரளவுதான். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 ஜனவரி 1 முதல், தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு லாக்கர் வாடகையைப் போல 100 மடங்கு வரை. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாத வரை, அந்தப் பொறுப்பும் கிடையாது. வீட்டுப் பாலிசி வீட்டு முகவரிக்கு மட்டும்தான் என்பதால், லாக்கர் நகையையும் சேர்க்க வேண்டும் என்றால் அந்த வங்கிக் கிளையைப் பாலிசியில் இடமாகக் குறிப்பிட வேண்டும்.

பொருட்களின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது?

அறை அறையாகப் போங்கள். சமையலறையில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் அங்கேதான் குறைத்து மதிப்பிடுகிறோம். கிரைண்டர், மிக்ஸி, வாட்டர் பியூரிஃபையர், குக்கர்கள், எவர்சில்வர், பித்தளை எல்லாம் சேர்த்தால் தொகை ஆச்சரியப்படுத்தும். அடுத்து துணி பீரோ: பட்டுப்புடவைகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இன்று கடையில் புதிதாக வாங்கினால் என்ன விலை என்று எழுதுங்கள். வாங்கிய விலையோ தேய்மானம் கழித்த விலையோ வேண்டாம். பொதுப் பொருட்களுக்குப் பாரத் கிருஹ ரக்ஷா அதே வகைப் பொருளை மாற்றி வாங்கும் செலவைத்தான் பார்க்கிறது. மேலே வாங்கும் பிரிவுகள் தேய்மானம் கழிக்கலாம். அதைப் பாலிசியில் தேடிப் படியுங்கள்.

மின்சாதனங்களின் பின்பக்கம் இருக்கும் மாடல் எண், வரிசை எண் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். வீடு முழுவதையும் கதவுகளைத் திறந்து ஒரு வீடியோ எடுத்து, பில்களின் படங்களோடு மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். பில் நனைந்துபோன வீட்டில், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முன்னால் பேசுவது இந்தப் படங்கள்தான்.

எப்போது வேலையைத் தொடங்குவது? ஒரு நாள் இடைவெளி விழுந்தால் என்ன?

முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால். மதிப்பீட்டுச் சான்றுக்கு ஒரு வாரம், கொட்டேஷன்களுக்கு ஒரு வாரம், நிறுவனம் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு வாரம் என்று போய்விடும். நினைவூட்டல் வரும் என்று காத்திருக்க வேண்டாம். பாலிசி அட்டவணையில் (உங்கள் பாலிசியின் தேதி, தொகை விவரங்கள் உள்ள தாள்) முடியும் தேதியை மட்டும் இல்லாமல் நேரத்தையும் பாருங்கள், பெரும்பாலும் நள்ளிரவு. புதியது அடுத்த நாள் 00:00 மணிக்குத் தொடங்கும்படி கேளுங்கள்.

இடைவெளிக்கு மன்னிப்பு கிடையாது. மருத்துவக் காப்பீட்டில் இருப்பது போன்ற சலுகை நாட்களை இங்கே எதிர்பார்க்காதீர்கள். 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி பிரீமியம் முன்கூட்டியே வந்து சேர்ந்தால்தான் நிறுவனம் பொறுப்பை ஏற்க முடியும். “நாளைக்குக் கட்டிவிடுகிறேன்” என்று முகவரிடம் சொன்னது கணக்கில் வராது. செக் திரும்பினால் பாலிசியே இல்லை.

தமிழ்நாட்டில் இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, 2018 நவம்பர் கஜா, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம், அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம் எல்லாம் இந்த மூன்று மாதங்களுக்குள் வந்தவை. புயல் சின்னம் அறிவித்த பிறகு புது வாடிக்கையாளரை ஏற்க நிறுவனங்கள் தயங்கும். உங்கள் பாலிசி நவம்பரில் முடிகிறது என்றால் செப்டம்பரிலேயே எல்லாவற்றையும் முடித்து, தொடங்கும் தேதியை மட்டும் முன்னதாகப் பதிவு செய்துவையுங்கள். வானிலை அறிவிப்பு வந்துவிட்ட நிலையில் இன்னும் மாறவில்லை என்றால், அந்த வருடம் பழைய இடத்திலேயே புதுப்பித்துவிடுவது மேல். சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக வெள்ள வாரத்தில் காப்பில்லாமல் நிற்கக் கூடாது.

இரண்டு பாலிசியும் சில நாள் ஒன்றின் மேல் ஒன்று வந்தால் இரட்டைப் பணம் கிடைக்குமா?

கிடைக்காது. இழந்ததற்கு மேல் யாரும் தர மாட்டார்கள். நிறுவனங்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். ஆனால் இரண்டு நாள் மேற்பொருந்துவது இரண்டு நாள் இடைவெளியைவிட நூறு மடங்கு நல்லது. கிளெய்ம் போடும்போது இரண்டு பாலிசியையும் சொல்லிவிடுங்கள்.

புது நிறுவனத்தின் படிவத்தில் என்னென்ன சொல்ல வேண்டும்?

கேட்டது எல்லாவற்றையும், உள்ளபடி. முந்தைய கிளெய்ம்கள், வேறு நிறுவனம் மறுத்திருந்தால் அது, வீட்டின் வயது, தரைத்தளமா மாடியா, சுவரும் கூரையும் எதனால் ஆனவை. கீற்று, மூங்கில், பலகை, தார்ப்பாய் கூரையுள்ள வீடு ‘கச்சா’ கட்டுமானம் என்ற வகையில் வரும். கான்கிரீட் வீட்டின் மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். வீட்டில் புடவை வியாபாரம், தையல், கேட்டரிங் நடந்தால் சொல்லியே ஆக வேண்டும்; விற்பனைச் சரக்கு வீட்டுப் பொருள் ஆகாது, அதற்குத் தனிப் பாலிசி.

முகவரோ வங்கி ஊழியரோ உங்களுக்காகப் படிவத்தை நிரப்பினால் ஓ.டி.பி. சொல்வதற்கு முன் ஒருமுறை படியுங்கள். “முந்தைய கிளெய்ம் இல்லை” என்று அவர் தட்டிய ஒரு டிக், பிற்பாடு உங்கள் வாக்குமூலமாக உங்களிடமே திரும்பி வரும்.

வீட்டுக் கடன் இருக்கிறது. வங்கி கொடுத்த பாலிசியை மாற்ற முடியுமா?

வங்கியின் அக்கறை கட்டடத்தோடு முடிகிறது. கடனோடு சேர்த்துக் கொடுத்த பாலிசி பெரும்பாலும் நீண்டகாலப் பாலிசி. 10 ஆண்டு வரைகூட இருக்கலாம். முதலில் அதன் அட்டவணையை வாங்கிப் பாருங்கள். கட்டடம் மட்டுமா, பொருட்கள் என்ற வரியும் இருக்கிறதா? பலருக்குக் கட்டடப் பாலிசியிலேயே 20 சதவீதப் பொருள் காப்பு இருப்பது தெரியாமல் தனியாக இன்னொன்றுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இருந்தால் கட்டடத்தை அசைக்காமல், திருட்டு, நகை, சாதனப் பழுது ஆகியவற்றை மட்டும் வேறு இடத்தில் வாங்கினால் போதும்.

கட்டடப் பாலிசியையே மாற்ற வேண்டும் என்றால், புதியதில் வங்கியின் பெயரைக் கடன் கொடுத்தவராகச் சேர்த்து, அதன் நகலை வங்கியிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிய பிறகுதான் பழையதை நிறுத்த வேண்டும். குறிப்பிட்ட ஒரு நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும் என்று வங்கி கட்டாயப்படுத்த முடியாது. தானியங்கிப் பற்று (ஆட்டோ டெபிட்) கொடுத்திருந்தால் அதையும் எழுத்தில் ரத்து செய்யுங்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறோம், அடிக்கடி வீடு மாறுவோம்.

பொருளுக்கு மட்டும் எடுங்கள். கட்டடம் வீட்டுக்காரர் பாடு. பாலிசி குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும் என்பதால், வீடு மாறும் முன்பே புது முகவரிக்கு எண்டார்ஸ்மென்ட் வாங்குங்கள். லாரியில் போகும்போது உடைவது இதில் வராது.

வருட நடுவிலேயே மாறலாமா?

மாறலாம். 2024 ஜூனில் ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் பாலிசியை ரத்து செய்யலாம். ஒரு வருடம் வரையிலான பாலிசி என்றால், அந்தக் காலத்தில் கிளெய்ம் இல்லாத பட்சத்தில் மீதி நாட்களுக்கான பிரீமியம் விகிதப்படி திரும்பி வரும். பல வருடப் பாலிசியில், இன்னும் தொடங்காத வருடங்களுக்கான தொகையைத் திருப்பித் தர வேண்டும். மோசடி நிரூபணமானால் ஒழிய நிறுவனம் உங்கள் பாலிசியை ரத்து செய்ய முடியாது. அப்போதும் 7 நாள் அறிவிப்பு தேவை. புதியது கைக்கு வந்த பிறகே பழையதை ரத்து செய்யுங்கள்.

மின்கசிவில் டிவி எரிந்தது. பழைய பாலிசியில் கிடைத்திருக்குமாமே?

கிடைத்திருக்கலாம், பழுதுப் பிரிவு அதில் இருந்திருந்தால். பாரத் கிருஹ ரக்ஷாவில் ஷார்ட் சர்க்யூட், தானாகச் சூடாவது, அதிக மின்னழுத்தம் ஆகியவற்றால் அந்தச் சாதனத்துக்கே வரும் சேதம் விலக்கு. அதிலிருந்து தீ பரவித் திரைச்சீலையும் சோபாவும் எரிந்தால் அவற்றுக்கு உண்டு. புயலுக்குப் பிறகு மின்சாரம் திரும்பி வரும்போது ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் போவது நம் ஊரில் சாதாரணம். அதற்குச் சாதனப் பழுதுப் பிரிவுதான் வழி. அந்தப் பிரிவில் சாதனத்தின் வயதுக்கு வரம்பு இருக்கும். உங்கள் ஏ.சி.க்கு எட்டு வயது, வரம்பு ஏழு என்றால் அதற்காகப் பணம் கட்டுவது வீண்.

பழைய பாலிசிக் காலத்தில் நடந்த சேதத்தை, மாறிய பிறகு கவனித்தால்?

சேதம் நடந்த தேதியில் எந்தப் பாலிசி இருந்ததோ அந்த நிறுவனம்தான் பொறுப்பு. உடனே அங்கே தெரிவியுங்கள். புது நிறுவனத்தில் போட முயல்வது கிளெய்மையும் கெடுக்கும், நம்பிக்கையையும் கெடுக்கும். முடிவடையாத கிளெய்ம் இருக்கும்போது மாறுவதற்குத் தடை இல்லை. பழைய பாலிசி ஆவணங்களை மட்டும் அழிக்காமல் வையுங்கள்.

புது பாலிசி வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

அன்றைக்கே, அட்டவணையில்: பெயர், கதவு எண் உட்பட முகவரி, தொடங்கும் தேதியும் நேரமும், ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே தொகை, கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய கழிவுத்தொகை எவ்வளவு, நகைப் பட்டியல் இணைப்பாக வந்திருக்கிறதா. ஒரு பிரிவுக்கு எதிரே தொகை இல்லாமல் கோடு மட்டும் இருந்தால் அந்தப் பிரிவு உங்களுக்கு இல்லை. எளிய சுருக்கமான ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ கூடவே வர வேண்டும். பிழை இருந்தால் மின்னஞ்சலில் எழுதுங்கள், தொலைபேசியில் மட்டும் சொல்லாதீர்கள். பிரீமியத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் வந்த விலக்கு தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்குத்தான்.

எப்போது மாறாமல் இருப்பது நல்லது?

பழைய நிறுவனம் உங்கள் நகைக்கு முழு அபாயக் காப்பை நல்ல விலையில் கொடுத்துக்கொண்டிருந்தால் விடாதீர்கள். புது வாடிக்கையாளருக்கு அதைக் கொடுக்கப் பலர் முன்வருவதில்லை. சமீபத்தில் பெரிய கிளெய்ம் வாங்கியிருந்தாலும் அப்படித்தான். பழைய நிறுவனத்திடமே போட்டி விலையைக் காட்டிப் பேசுங்கள். பல நேரம் பிரீமியத்தைக் குறைக்கிறார்கள், அல்லது விடுபட்ட ஒரு பிரிவைச் சேர்த்துத் தருகிறார்கள்.

மாறிய பிறகு கிளெய்ம் வந்து, புது நிறுவனம் இழுத்தடித்தால்?

2024-இல் வந்த விதிகளின்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். சர்வேயர் பார்க்கும் வரை நனைந்த பொருட்களைத் தூக்கி எறியாதீர்கள். மாநகராட்சி வண்டி வந்து எடுத்துப் போகும் நிலை என்றால், ஒவ்வொன்றையும் வரிசை எண்ணோடு படம் எடுத்துவிட்டு, தண்ணீர் நின்ற உயரம் சுவரில் தெரியும்படி ஒரு படமும் எடுங்கள்.

முடிவு திருப்தியில்லை என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் நடக்காவிட்டால் ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ புகார்த் தளம், அல்லது 155255 என்ற கட்டணமில்லா எண். அதற்கும் மேல் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் ஒம்பட்ஸ்மன்: தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி நகரம், காரைக்கால் பகுதிகளுக்கும் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். போகும்போது கையில் எடுத்துப் போக வேண்டியவை நிரப்பிய படிவத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, பழைய பாலிசியின் அட்டவணை, புதியதன் அட்டவணை, மாறும் நேரத்தில் நடந்த மின்னஞ்சல்கள்.